முதலைத் தொடாதே

கருவேணி ஆறு கடலைப் பார்க்கப் போகிற அவசரத்தில் ஓர் இடத்தில் இரண்டாகப் பிரிந்து, மனம் மாறி மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அந்த மனஸ்தாபத்துக்கு நடுவில் ஒரு திட்டு. திட்டில் ஒரு மடம். மடத்தில் ஈரவேட்டிச் சாமி இருந்தார்.

அவர் வேட்டி காய்ந்து பார்த்தவர் யாரும் கிடையாது. பாறையில் வைத்த அப்பளம் தானாகப் பொரிகிற சித்திரை மத்தியானத்தில்கூட அதன் ஓரம் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆறு தினமும் அவர் மடியில் தலைவைத்துப் படுக்க வருகிறது என்று இக்கரையில் சொல்வார்கள். சாமிக்கு வேட்டி பிழியச் சோம்பல் என்று அக்கரையில் சொல்வார்கள். இரண்டு கரையும் எதிலும் ஒத்துப்போனதில்லை.

ஒத்துப்போன ஒரே விஷயம் படகுக் கம்பெனி.

கருவேணி படகுப் போக்குவரத்துக் கம்பெனி லிமிடெட். ஆரம்பித்தபோது பங்கு ஒன்று பத்து ரூபாய். இரண்டு கரை ஜனங்களும் வாங்கினார்கள். கையில் ரூபாய் இல்லாதவர்கள் தேங்காய் கொண்டுவந்து கொட்டிப் பங்கு கேட்டார்கள். அந்தக் குவியலின் மேல் ஏறி நின்றால் இலங்கை தெரிந்தது. அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் படகுகள் வந்தன, படித்துறை வந்தது, யானையைக் கட்டி இழுத்தாலும் அறாத வடக்கயிறு வந்தது.

கம்பெனிக்கு மேனேஜிங் டைரக்டர் கோமதிநாயகம். சாமியைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆனாலும் சாமிக்கு முதல் சிஷ்யர் அவர்தான். எப்படிச் சிஷ்யரானார் என்பதை ஏறுகிற படகில் எல்லாம் சொல்வார். "நான் வாயே திறக்கலை. கேட்க வந்த கேள்விக்குச் சாமி பதில் சொல்லிட்டார்." அதற்கு மேல் கேட்டால் கண் கலங்கிவிடும். அதனால் யாரும் கேட்பதில்லை.

ஓர் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் அவர் திட்டுக்கு வந்தபோது முழங்கால்வரை நனைந்திருந்தார். நீந்தி வரவில்லை. கம்பெனிப் படகில்தான் வந்தார். படகோட்டி இசக்கி ஒரு கையால் துடுப்புப் போட்டு, மறு கையால் அலுமினியச் சட்டியில் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே வந்தான். நடு ஆற்றில் ஒரு கெண்டை மீன் படகுக்குள் நுழைந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, டிக்கெட் கேட்பதற்குள் இன்னொரு ஓட்டை வழியாக வெளியே போயிற்று.

"வாரும்," என்றார் சாமி. "நீரும் நம்ம கட்சி ஆயிட்டீர் போலிருக்கே."

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. கீழே விழுந்து கும்பிட்டு எழுந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பெனியின் பொதுக்கூட்டம் என்றார். அதோடு கம்பெனி முடிந்துவிடும் என்றார். அதைச் சொல்லும்போது, வேட்டி நுனியைப் பிழிகிறவர்போலக் குனிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பேச்சு புதிதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து அடிக்கல் நாட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கற்களை எல்லாம் வரிசையாகப் போட்டிருந்தால் பாதி ஆற்றை நடந்தே கடந்திருக்கலாம். ஆனால் இந்தத் தடவை இரண்டு பேர் ஜீப்பில் வந்து, ஆற்று மண்ணை டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மண்ணையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றதும் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பாலம் வந்தபிறகு படகுக் கம்பெனிப் பங்கு எதற்காகும் என்று கேட்கிறார் அரிசி மில் பேச்சிமுத்து. கோமதிநாயகத்துக்கு அடுத்தபடியாக அதிகப் பங்கு வைத்திருப்பவர் அவர்தான். வங்கியில் கம்பெனியின் ஒதுக்கு நிதி கிடக்கிறது. வருஷா வருஷம் லாபத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்துச் சேர்த்தது. அதை இப்போதே எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. கூட்டத்தில் பாதிக்கு மேல் அவருக்குக் கை தூக்கும்.

"பிரிச்சுக் கொடுத்தா என்ன?" என்றார் சாமி.

"ஐப்பசியில ஆறு பெருகினா ஒரு மாசம் படகைக் கட்டிப்போட்டுடுவோம் சாமி. ஒரு பைசா வரும்படி கிடையாது. பேங்குப் பணத்தோட வட்டியிலதான் படகுக்காரங்களுக்கு அப்போ சம்பளம், அது போனா எதிலேருந்து கொடுப்பேன்? ஒரு ஐப்பசி தாங்காது கம்பெனி."

"கொடுக்காம வச்சிருந்தா?"

கோமதிநாயகம் தன் முழங்காலைப் பார்த்தார். போன கார்த்திகை வெள்ளத்தில் படகுகள் படித்துறையில் மோதிப் பலகை விட்டுப்போயிருந்தன. அன்றிலிருந்து தார் பூசியும் கோணியை அடைத்தும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பயணம் செய்கிறவர்கள் குடையைத் தலைக்கு மேல் பிடிப்பதா, காலுக்குக் கீழே பிடிப்பதா என்று தெரியாமல் திணறுகிறார்கள்.

"ஐப்பசி வரவே வேண்டாம் சாமி. அதுக்கு முன்னாலேயே முங்கிடும்."

"பணத்தை எடுத்துப் படகைச் சரிபண்ண வேண்டியதுதானே?"

கோமதிநாயகம் நிமிர்ந்தார். அப்படிப்பட்ட வார்த்தையைச் சாமி வாயிலிருந்து கேட்டது அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

"எப்படி சாமி? தொடக்கூடாதே."

"யார் சொன்னா?"

"நீங்கதானே சொன்னீங்க."

சாமி தாடியைத் தடவினார். அவருக்கு ஞாபகம் வரவில்லை. கோமதிநாயகம் சொல்லிக்கொண்டு போனார். ஆபீஸ் வாசலில் எனாமல் போர்டில் எழுதி மாட்டியிருக்கிறது. முதலைத் தொடாதே. கீழே, ஈரவேட்டிச் சாமி அருள்வாக்கு. டிக்கெட்டுக்குப் பின்பக்கத்திலும் அச்சடித்திருக்கிறது. சாமியிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை என்பதால் அவர் அதைப் படித்ததில்லை. அந்த வாக்கை மீறாமல்தான் வங்கியிலிருக்கிற பணத்தில் இதுநாள்வரை கோமதிநாயகம் விரல் நுனிகூட வைக்கவில்லை. அது அசையாமல் கிடந்து கிடந்து, வங்கிக்குப் புது மேனேஜர் வந்தால் பழையவர் கிளம்பும் முன் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பணத்துக்கு அறிமுகம் செய்துவைப்பது வழக்கமாகிவிட்டது.

"நான் எப்ப வே அப்படிச் சொன்னேன்?"

அது கம்பெனிக்கு முதன்முதலாக லாபம் வந்த வருஷம். எல்லாவற்றையும் பிரித்துக் கொடுப்பதா, எடுத்து வைப்பதா, இன்னொரு படகு வாங்குவதா என்று கோமதிநாயகத்துக்குத் தலை வெடித்தது. திட்டில் ஒரு சாமியார் வந்திருக்கிறார், கேட்டுப் பார் என்று யாரோ சொன்னார்கள். அந்தி சாய்கிற நேரத்தில் படகில் வந்தார். இறங்குவதற்காகக் கரையோரம் கிடந்த கட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினார். கரைமேல் நின்றிருந்த சாமி இரண்டு கையையும் மேலே தூக்கி ஒரு சத்தம் போட்டார்.

"முதலைத் தொடாதேன்னு சொன்னீங்க. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கேள்வியே கேட்கலையே நான். அப்படியே கும்பிட்டுட்டு அதே படகில திரும்பிட்டேன்."

படகில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த இசக்கி, சட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

சாமி தாடியிலிருந்து கையை எடுத்தார்.

"அந்தக் கட்டையை நீர் சரியாப் பார்த்தீரா?"

"இருட்டிக்கிட்டு வந்தது சாமி."

"அதுக்கு நாலு கால் இருந்தது."

கோமதிநாயகம் அவரைப் பார்த்தார்.

"வாயும் இருந்தது. உம்ம கை தோள்வரைக்கும் உள்ளே போற அளவுக்குத் திறந்திருந்தது. நான் முதலைன்னு கத்தினேன். மூச்சு வாங்கிட்டு, தொடாதேன்னு கத்தினேன். நீர் பாட்டுக்குக் கும்பிட்டுட்டுப் போயிட்டீர். ரொம்ப மரியாதை தெரிஞ்ச மனுஷன்னு நினைச்சேன்."

கோமதிநாயகம் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

"நடுவுல ஒரு த் கேட்டுதே சாமி."

"அது நான் எச்சில் முழுங்கின சத்தம்."

"அதுவா இருந்தா முதலையைத் தொடாதேன்னுல்லா சொல்லியிருக்கணும்?"

"அது வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும்போது வேற்றுமை உருபு தேடிக்கிட்டா இருப்பாங்க?"

கோமதிநாயகம் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கொக்கு வந்து அவரைக் கல் என்று நினைத்துத் தோளில் உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. கடைசியில் மெல்லிய குரலில் சொன்னார்.

"அப்போ இத்தனை வருஷமும் நான் ஒரு முதலைக்குப் பயந்து கம்பெனி நடத்தியிருக்கேன்."

"கை இருக்குல்லா?"

"இருக்கு சாமி."

"அப்புறம் என்ன."

"போய் முதல் வேலையா அந்தப் போர்டை இறக்கிடறேன்."

"எதுக்கு? எழுதியிருக்கிறது சரிதான். நீர் படிச்சதுதான் தப்பு." சாமி எழுந்தார். "முதல் எங்கே இருக்கு, சொல்லும்."

"பேங்கில."

"பேங்கில இருக்கிறது முதலா?"

கோமதிநாயகம் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னார். ஜனங்கள் பங்கு வாங்கிக் கொடுத்த பணம்தான் முதல். அது அப்போதே செலவாகிவிட்டது. வங்கியில் இருப்பது அது இல்லை. அது பின்னால் வந்த லாபத்தில் ஒதுக்கியது.

"செலவாகிட்டதா? எதில?"

"படகில."

சாமி படித்துறையில் இறங்கினார். கோமதிநாயகம் பின்னால் போனார். படகின் பக்கப் பலகையில் சாமி கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வெந்த சேனைக்கிழங்கில் போவதுபோல விரல் உள்ளே போயிற்று. அந்தப் பக்கம் இசக்கி, படகுக்குள் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு சட்டியைக் கீழே போட்டான்.

"இதுதான் வே உம்ம முதல். நீர் தொடலை. ஆறு தொட்டுக்கிட்டிருக்கு."

சாமி விரலை எடுத்ததும் அந்த ஓட்டையில் தண்ணீர் வந்தது. கோமதிநாயகம் தன் விரலை வைத்து அதை அடைத்தார். எடுக்கவில்லை. அப்படியே குனிந்தபடி வெகுநேரம் நின்றார். யாரோ ஒரு தேங்காய்க் குவியலைக் கொண்டுவந்து அவர் முதுகில் ஏற்றியதுபோல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு முகம் தெளிந்தது. தெளிந்தது மட்டுமில்லை, பளபளத்தது. அறுபத்தேழு வயதிலும் அவருக்கு எதிலும் பாதியில் நிற்கத் தெரியாது. இத்தனை வருஷம் தொடாமல் இருந்தவர், ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் தொட்டுவிடத் தயாராகிவிட்டார். படகை எல்லாம் புதிதாக்கிவிடலாம் என்றார். அதோடு, கார் ஏற்றிப் போகிற அளவுக்குப் பெரிய இரும்பு லாஞ்சு ஒன்று வாங்கிவிடலாம் என்றார். ஒதுக்கு நிதியை ஒரு பைசா விடாமல் போட்டு, போதாததற்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம். டவுனில் ஒரு பைனான்ஸ்காரர் மாசத் தவணைக்குத் தருகிறேன் என்று எப்போதிருந்தோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஐப்பசியில ஆறு பெருகினா என்ன பண்ணுவீர்?"

"படகைக் கரையில கட்டிப்போடுவோம் சாமி."

"லாஞ்சு?"

"அதையும்தான்."

"தவணையையும் பக்கத்திலேயே கட்டிப்போடலாமா?"

கோமதிநாயகத்தின் முகத்தில் லாஞ்சு மெதுவாக முங்கிற்று.

சாமி படியில் உட்கார்ந்தார். சுற்றிலும் ஈரம் பரவியது. கோமதிநாயகத்தையும் உட்காரச் சொன்னார். ஓட்டையிலிருந்து விரலை எடுக்கத் தயங்கினார் அவர். இசக்கி வந்து தன் விரலை வைத்துக்கொண்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

"அந்த முதலை என்ன ஆச்சு சாமி?" என்று கேட்டார், வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல்.

இங்கேதான் இருந்தது என்றார் சாமி. கோமதிநாயகத்தைத் தவறவிட்ட வருத்தத்தில் கொஞ்ச நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். பிறகு தேறிக்கொண்டது. மறு வருஷம் பஞ்சம். ஆறு வற்றி, நடுவில் ஒரு கோடு மட்டும் ஓடியது. கெண்டைகளும் கெளுத்திகளும் வரிசையில் மடத்துக்கு வந்து குடத்தில் இடம் கேட்டன. முதலை கேட்கவில்லை. அது கரை மண்ணைத் தோண்டி வளைக்குள் படுத்துக்கொண்டது. முதலைக்குக் கொழுப்புச் சேர்த்து வைக்கிற இடம் வால்தான். நல்ல காலத்தில் பனைமரத்து அடித்தூர் மாதிரி பருத்திருந்த வால் நாளாக நாளாக இளைத்துக்கொண்டே வந்தது. சாமிக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் வளை வாசலில் போய் உட்கார்ந்தார்.

"வால் இளைக்குதே, வருத்தமா இல்லையான்னு கேட்டேன்."

"என்ன சொன்னது?"

"பின்னே இதுக்குத்தானே வளர்த்தேன்னுது."

கோமதிநாயகம் படகைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, முழுசையும் தின்னு தீர்த்துடுவியான்னு கேட்டேன். அதெப்படின்னுது. மழை வந்தா நீந்துறதுக்கு வால் வேண்டாமான்னுது."

"முதலை பேசுமா சாமி?"

"உம்ம காதில இல்லாத த் எல்லாம் விழும். என் காதில ஒரு முதலை பேசக்கூடாதா?"

கோமதிநாயகத்துக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே யோசித்தார். படகைச் சரிபண்ண ஒதுக்கு நிதியில் ஒரு பகுதி போகட்டும். ஐப்பசிச் சம்பளத்துக்கும், எதிர்பாராமல் வருகிற வெள்ளத்துக்கும் மீதி இருக்கட்டும். அதுதான் வால். ஆனால் லாஞ்சு ஆசை மட்டும் அவர் மண்டையின் ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. அதை அணைக்கவும் மனசில்லை. லாஞ்சு இருந்தால் அக்கரை நெல் வண்டிகள் நேராக மில்லுக்கு வரும். இப்போது அவை ஆற்றைச் சுற்றிக்கொண்டு ஒரு நாள் பயணம் போகின்றன. வழியில் நெல் முளைத்துவிடுகிறது.

இசக்கி ஓட்டையில் விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். கோமதிநாயகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், சாமியிடம் இல்லை, ஆற்றிடம் சொல்வதுபோல.

"கடன்காரன் ஐப்பசியிலயும் வந்து நிப்பான். பங்குக்காரன் நிக்க மாட்டான். ஆறு பெருகினா அவனும் நம்மளோட கரையில உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். வெள்ளம் வடிஞ்சா அவனுக்கும் சேர்ந்து வடியும். லாபம் வந்தா கை நீட்டுவான். அது நியாயம்தானே."

சாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தார் கோமதிநாயகம்.

"லாஞ்சுக்குக் கடன் வேண்டாம் சாமி. புதுசாப் பங்கு போடலாம். ஏற்கெனவே பங்கு வச்சிருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கணும். அவங்க வேண்டாம்னா மத்தவங்களுக்கு."

"வாங்குவாங்களா?"

கோமதிநாயகத்தின் முகம் மறுபடி இருண்டது. பாலம் வரப்போகிறது என்று இருக்கிற பங்கையே கரைத்துக் காசாக்கப் பார்க்கிறவர்கள், புதுப் பங்கு எப்படி வாங்குவார்கள். பாலம் வந்தால் என்ன செய்வது என்று பேச்சிமுத்து கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்று சாமியைக் கேட்டார்.

சாமி கண்ணைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை படகு அனுப்பும், நானும் வாரேன் என்றார். எனக்கும் ஒரு பங்கு இருக்கு, நீர்தானே தட்சிணையாத் தந்தீர் என்றார். பங்குப் பத்திரம் மடத்துக் கூரையில் ஒழுகுகிற இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றும், இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு இறங்கியதில்லை என்றும் சொன்னார்.

பொதுக்கூட்டம் இக்கரைப் பள்ளிக்கூடத்தில், ஒன்றாம் வகுப்பு அறையில் நடந்தது. பெரிய அறை அது ஒன்றுதான். இரண்டு கரைப் பங்குக்காரர்களும் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். சாமி திட்டை விட்டு வந்திருக்கிறார் என்பதே பெரிய செய்தியாக இருந்தது. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் வேட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் பெஞ்சுகளுக்கு அடியில் ஓட, முன் வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

கோமதிநாயகம் எழுந்து பேசினார். தான் ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டுவிட்டதாக முதலிலேயே சொல்லிவிட்டார். முதலைக் கதையை அவரே சொன்னார். த் வந்த இடத்தில் சிரிப்பு எழ, கூரையில் கூடு கட்டியிருந்த சிட்டுக்குருவிகள் வெளிநடப்புச் செய்தன. சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு படகுகளைப் பற்றிப் பேசினார். ஐப்பசிக்குள் பலகை மாற்றியாக வேண்டும் என்றார். ஒதுக்கு நிதியில் அதற்கு எவ்வளவு போகும், வெள்ளக் காலத்துக்கு முதலை வால் மாதிரி எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று சொன்னார். இந்த வருஷம் லாபப் பங்கு குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில் லாஞ்சைப் பற்றிச் சொல்லி, புதுப் பங்கு வாங்கச் சொன்னார்.

சற்று முன் சிரித்த முகங்கள் எல்லாம் இறுகிவிட்டன.

பேச்சிமுத்து எழுந்தார். பெஞ்சும் அவரோடு எழுந்தது. அதைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பேசினார். அவர் சத்தம் போடவில்லை. அண்ணாச்சி இத்தனை வருஷத்தில் ஒரு பைசா தப்பாக எடுத்ததில்லை, அது எல்லோருக்கும் தெரியும் என்று ஆரம்பித்தார். தன் அப்பா உழவு மாட்டு ஜோடியை விற்றுத்தான் இந்தப் பங்கு வாங்கினார் என்றார். அதற்குப் பிறகு ஒரு பருவம் முழுக்க அப்பாவும் சித்தப்பாவும் நுகத்தடியில் மாட்டிக்கொண்டு உழுததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அந்தப் பங்குக்கு ஏதாவது பெறுமானம் இருக்கும்போதே எடுத்துக்கொள்ள நினைப்பதில் என்ன தப்பு என்று கேட்டார். கூட்டத்தில் பல தலைகள் அசைந்தன. கோமதிநாயகத்தின் தலையும் அசைந்தது.

"படகைச் சரிபண்ணுங்க அண்ணாச்சி, வேண்டாம்னு சொல்லலை. வால் வேணும், அதுவும் சரி. புதுசாவும் பணம் போடுங்கன்னு கேக்கீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பாலம் வந்தா?"

பாலம் வராது என்று கோமதிநாயகம் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார்கள். சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். இத்தனை அடிக்கல் பார்த்த ஊர் அது. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வரலாம்," என்றார். "வந்தா என்ன செய்யதுன்னு எனக்குத் தெரியலை."

அறையில் ஓர் இரைச்சல் கிளம்பியது. ஓட்டெடுப்பு நடத்துங்கள் என்று யாரோ சொன்னார்கள். சிலர் கையைத் தூக்கத் தயாராகத் தோளை அசைத்துக்கொண்டார்கள். கோமதிநாயகம் கடைசி பெஞ்சைப் பார்த்தார். இசக்கியும் பார்த்தான். படகுக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாமி எழுந்தார். ஒரு பங்குக்காரன் பேசலாமா என்று தலைமை வகித்தவரைக் கேட்டார். பேசலாம் என்றார்கள். அவர் பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

"பாலம் சும்மா வந்துடாது. நடு ஆத்தில தூண் நடணும். அதுக்கு வேண்டிய சிமெண்டு, கம்பி, கல்லு, வேலையாளு எல்லாம் எதில வே ஏறிப் போகும்?"